குறை வைத்ததாலா துன்பம் வந்தது?



துன்பம் ஏன் வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இந்தப் பாடத்தில் நாம் கேட்கப் போவது வேறு கேள்வி. துன்பம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்ட பிறகு, அந்த வீட்டில் அய்யா எங்கே இருக்கிறார்?

எட்டயபுரம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஏமாற்றம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வானம் பார்த்த கரிசல் பூமி. கோடையில் உழுது போட்டு, புரட்டாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் புழுதியில் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு. மழை பிந்தினால் விதை மண்ணுக்குள்ளேயே கெட்டுப்போகும். மறு விதைப்புக்கு மறு கடன். மழை சரியாகப் பெய்த வருஷத்தில் வேறொன்று வரும். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது. அதற்கு முன் அந்தப் பெயரையே நாம் கேட்டதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மழை இல்லையே என்று அழுத கண்ணே மழையைப் பார்த்து அழுதது.

எட்டயபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு செய்தி உண்டு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இந்தப் பக்கம் வந்தபோது நிலம் வெடித்துக் கிடந்ததாம். அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளைப் பாட, மழை கொட்டியதாம். 1835 தீபாவளியன்று அவர் இந்த ஊரிலேயே அடங்கினார். சமாதியும் இங்கேயே இருக்கிறது. அந்த 1835-இல்தான் தெற்கே பூவண்டன்தோப்பில், இன்று நாம் சாமித்தோப்பு என்று சொல்கிற இடத்தில், அய்யா தவசு இருந்துகொண்டிருந்தார். பாடியதும் பெய்த மழையை ஊர் ஏறக்குறைய 190 வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கேட்டும் பெய்யாத வருஷங்கள் எத்தனை? அவற்றை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அந்த வருஷங்களில் நிற்பதற்கு மனிதனுக்கு ஓர் இடம் வேண்டாமா?

ஒரு நாள் உகப்படிப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஓர் அம்மா தாங்கலில் உட்கார்ந்தே இருந்தார். மகனுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன சமயம். அதே வருஷம் காடும் ஏமாற்றியிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் என்ன குறை வச்சேன் அண்ணாச்சி? வெள்ளிக்கிழமை தவறாம வர்றேனே."

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. வாய் திறந்து கேட்காதவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இந்தக் கேள்வி நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கொடை கொடுத்தால் காக்கும், கொடுக்காவிட்டால் தாக்கும் என்று நம்பிய காலத்தில் இருந்து அது வந்தது. கிடா வெட்டவில்லை என்றால் சாமிக்குக் கோபம். நேர்ந்தது பாக்கி என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தக் கணக்கில் துன்பம் என்பது வட்டி மாதிரி. எங்கேயோ ஒரு முதல் பாக்கி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துக் கட்டினால் தீரும். குறி சொல்கிறவர் கண்டுபிடித்துத் தருவார், அவருக்கும் ஒரு தொகை.

அய்யா இந்தக் கணக்கு நோட்டையே கிழித்துப் போட்டார். பலி வேண்டாம் என்றார். காணிக்கை வேண்டாம் என்றார். பேய்க்குப் பயந்து கொடுக்கிற எதுவும் வேண்டாம் என்றார். இதைச் செலவு மிச்சம் என்கிற அளவில் மட்டும் நம்மில் பலர் புரிந்துகொண்டிருக்கிறோம். அதன் உள்ளர்த்தம் அதைவிடப் பெரியது. வாங்குகிறவர் இல்லாத இடத்தில் பாக்கியும் இல்லை. அய்யாவுக்கும் நமக்கும் நடுவில் பேரம் எதுவும் நடக்கவே இல்லை. அப்படியிருக்க, பயிர் கருகியதற்கும் கல்யாணம் நின்றதற்கும், அய்யாவுக்கு நாம் கட்டத் தவறிய பாக்கி என்று எப்படிப் பொருள் சொல்ல முடியும்? அந்த அம்மா வைத்த குறை எதுவும் இல்லை. இதை அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது.

சந்தேகம் இருப்பவர்கள் அய்யாவின் வாழ்க்கையையே எடுத்துப் பார்க்கட்டும்.

1809-இல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். ஏழைச் சான்றோர் குடியில் பிறந்தவனுக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியார் ஆத்திரப்பட, பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. சொந்தப் பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியாத நிலை. அன்றைய திருவிதாங்கூரில் தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம். பெண்கள் தோளில் துணி போடவும் தடை. இதற்கு மேல் உடம்பில் நோய். நடக்க முடியாமல் படுத்துவிட்டார். முத்துக்குட்டி என்ன குறை வைத்தார்? வெயிலாள் அம்மை என்ன குறை வைத்தார்?

கொல்லம் 1008 மாசியில், அதாவது 1833-இல், திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு மகனைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போனால் நோய் தீரும் என்று ஒரு நம்பிக்கை. வயது வந்த மகனைத் தொட்டிலில் போட்டுத் தூக்குகிற தாயின் மனது எப்படி இருந்திருக்கும்! வழியில் இளைப்பாறிய இடத்தில் மகன் திடீரென்று எழுந்தார், நடந்தார், செந்தூர்க் கடலுக்குள் இறங்கிவிட்டார். திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஏடு வாசிப்பில் நாம் இதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அடுத்து வைகுண்ட அவதாரம் என்று நமக்குத் தெரியும், அந்த மகிழ்ச்சியில் கரையை மறந்துவிடுகிறோம். கரையில் நின்ற தாய்க்கு அது தெரியாது. கூட வந்தவர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். தாய் மட்டும் அழுதுகொண்டு கரையிலேயே இருந்தார். குணமாக வேண்டும் என்று கொண்டுவந்த பிள்ளை செத்துப்போனான் என்றால், இதைவிடப் பெரிய ஏமாற்றம் எது? நோய்க்கும் மற்றதற்கும் அகிலத்திரட்டு மேலுலகக் காரணங்களைச் சொல்கிறது. அரி கோபாலன் சீடர் அதை ஏட்டில் எழுதியது 1841-இல். 1833-இல் அந்த மணலில் உட்கார்ந்திருந்தவருக்கு வாசிக்க எந்த ஏடும் இல்லை.

இப்போது நம் பாடத்தின் கேள்விக்கு வருவோம். அந்த நேரத்தில் அய்யா எங்கே இருந்தார்? தாய் பார்த்துக்கொண்டிருந்த அதே தண்ணீருக்குள்தான் இருந்தார். அவர் எதைப் பார்த்து அழுதாரோ அதற்குள்ளேயே வைகுண்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அலை மட்டும். தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடவில்லை.

மூன்றாம் நாள் மாசி 20. கடலில் இருந்து எழுந்து வந்தவரைத் தாய் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தார். இதுவரை உன் மகன், இனி நாராயணரின் மகன் என்று அவர் விலகி நின்றார். சில பேருக்கு இது கடுமையாகத் தோன்றும். எனக்கும் வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். வெயிலாள் அம்மை கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. தன் ஒரு மகனுக்குச் சுகம் கேட்டு வந்தார். தலையில் சுமையும் முதுகில் அடியுமாக வாழ்ந்த மக்கள் எல்லோருக்கும் ஒரு தகப்பன் கிடைத்தார். கேட்டது அப்படியே கிடைக்கும் என்று இந்த வழியின் தொடக்கத்திலேயே எழுதப்படவில்லை. முதல் ஏமாற்றம் அய்யாவைப் பெற்றவருக்கே நேர்ந்தது.

அய்யாவைச் சேர்ந்ததற்குப் பிறகாவது மக்களுக்குத் துன்பம் நின்றதா? நிற்கவில்லை. அரசன் ஆள் அனுப்பி அய்யாவைப் பிடித்துக் கட்டி அழைத்துப்போய், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தான். 110 நாள். பாலில் நஞ்சு கலந்து கொடுத்ததும், புலிக்கூண்டில் விட்டதும் நமக்கெல்லாம் தெரிந்தவை. அந்த 110 நாளும் பூவண்டன்தோப்பில் இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். செய்தி சொல்ல ஆள் கிடையாது, தபால் கிடையாது. "உங்கள் சாமியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்களே, அவரையே அவரால் காப்பாற்ற முடியவில்லையே" என்று கேலி பேச மட்டும் ஆள் இருந்திருக்கும். உன் ஆட்களை மட்டும் கூட்டி வைத்துக்கொள், மற்ற சாதியாரைச் சேர்க்காதே, எழுதிக் கையெழுத்துப் போடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். அய்யா ஒப்பவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் முன்னதாகவே வந்திருக்கலாம். சிறைக்குள் இருந்த நாளிலும் வெளியில் இருந்த கடைசி ஆளை அவர் கைவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிறகு துவையல் தவசு. 700 குடும்பங்கள் வீடு வாசலை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய், ஒரு நாளில் மூன்று முறை குளித்து, துணி துவைத்து, ஒரே ஒரு வேளை சாப்பிட்டு இருந்தார்கள். சாப்பாடு என்ன? பச்சரிசியும் சிறுபயறும், கடல் தண்ணீரில் வேகவைத்தது. சிறுபயறு என்பது நாம் கரிசலில் விதைக்கிற இதே பாசிப்பயறுதான். நல்ல சோறு போடுகிறேன் வாருங்கள் என்று அய்யா அவர்களைக் கூப்பிடவில்லை. உப்புக் கரிக்கிற கஞ்சிக்குக் கூப்பிட்டார். போனார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். தீட்டு என்று ஊரார் ஒதுக்கி வைத்தவர்கள், தங்கள் துணியைத் தாங்களே வெளுத்து உடுத்தி, நிமிர்ந்து திரும்பினார்கள்.

இப்போது "அய்யா உண்டு" என்கிற வணக்கத்தைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம். அதில் "தருவார்" என்ற சொல் இல்லை, "தீர்ப்பார்" இல்லை. "உண்டு" மட்டும்தான். நல்ல விளைச்சல் வந்த வீட்டிலும் இதே சொல், சாவு வீட்டிலும் இதே சொல். எந்த வீட்டுக்குப் போனாலும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லாத வணக்கத்தை நமக்குக் கொடுத்திருக்கிறார்.

சரி, உண்டு என்றால் எப்படித் தெரியும், இருந்து என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். பதில் பதிக்குள்ளேயே இருக்கிறது.

பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, இரண்டு பக்கமும் விளக்கு இருக்கிறது. தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறவனுக்குத் தெரிவது அவன் முகம். தோற்றுப்போனவன் முதலில் செய்வது என்ன? கண்ணாடி பார்ப்பதை விட்டுவிடுவான். கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் சந்து வழியாகத் திரும்புவான். விசேஷ வீட்டுக்குப் போகமாட்டான். சவரம்கூடச் செய்யாமல் திரிவான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, தலையில் துணி கட்டு, நிமிர்ந்து நில், விளக்கு வெளிச்சத்தில் உன்னைப் பார், நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிறார் அய்யா. தாழ்ந்தவன் தலைப்பாகை கட்டினால் அடி விழுந்த நாட்டில் அவர் வைத்த ஏற்பாடு இது. விளைந்தவனுக்கு ஒரு கண்ணாடி, விளையாதவனுக்கு ஒரு கண்ணாடி என்று வைக்கவில்லை.

நாமம் இடுவதையும் பாருங்கள். பணிவிடைக்காரர் தன் விரலால் நம் நெற்றியைத் தொட்டு இடுகிறார். தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்று இருந்த காலத்தில், ஒரு மனிதனின் விரல் இன்னொரு மனிதனின் நெற்றியில் பட்டது என்பதே பெரிய ஆறுதல். மனம் உடைந்து வருகிறவருக்கு இன்றைக்கும் அது பாதி மருந்து. ஆகையால் நாமம் இடுகிறவர்கள் அவசரப்படாமல், வந்தவர் முகத்தைப் பார்த்து இடுவது நல்லது. கூட்டமான நாளில் சில இடங்களில் வரிசையைத் தள்ளிவிடுகிற மாதிரி நடக்கிறது. அது சரியல்ல.

பந்தியும் அப்படித்தான். அன்னதர்மத்தில் உட்காருகிறவரிடம் இந்த வருஷம் எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்பதில்லை. வரி கட்ட முடியாததால் திருவிழாவுக்கு வராமல் ஒதுங்கிக்கொள்கிற குடும்பம் எந்தத் தாங்கலிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வர வேண்டியது நம் கடமை. கரையில் தனியாக இருக்கிற தாயை விட்டுவிட்டு மற்றவர்கள் ஊருக்குத் திரும்பியதுபோல் நாம் திரும்பக் கூடாது.

அப்படிப் போய்ப் பார்க்கிறபோது என்ன பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். போனவுடன் "அய்யா சோதிக்கிறார்" என்று ஆரம்பிக்க வேண்டாம். சோதனை என்று துன்பப்பட்டவர் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வீட்டுக்காரர் சொன்னால் அது குத்தலாகத்தான் இருக்கும். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதும் அப்படியே. வெயிலாள் அம்மையிடம் இரண்டாம் நாள் யாராவது போய் அதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பயிர் போனவராக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கவும், காப்பீட்டுத் தாளை எடுத்துவைக்கவும் கூட நடங்கள். இதெல்லாம் பக்தி இல்லையா என்று கேட்டால், பணிவிடை என்ற சொல்லை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

தூக்கம் போய், சாப்பாடு போய், உயிரோடு இருந்து என்ன என்று பேச ஆரம்பித்துவிட்டவரை நாமம் மட்டும் இட்டு அனுப்பிவிடக் கூடாது. தனியாக விடாமல் ஆள் இருக்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 104 என்ற அரசு எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். மருத்துவரிடம் போவது அய்யாவை நம்பாததாகாது.

துன்பத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். பிரார்த்தனை வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். உகப்படிப்பில் வாய் திறந்து படிக்க முடியாவிட்டால் மற்றவர்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். அதற்கும் முடியாத நாளில் வீட்டு விளக்கின் முன்னால் "அய்யா சிவசிவ" என்று ஒருமுறை சொன்னால் போதும். கோபம் இருந்தால் கோபத்தோடு வாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். வைகுண்டர் எழுந்து வந்த கரையில் முதலில் விழுந்தது ஒரு தாயின் கண்ணீர்தான்.

இந்தப் பாடத்தைத் தாங்கலில் வாசிக்கிறவர்கள், இதோடு அகிலத்தில் செந்தூர்ப் பயணம் வருகிற பகுதியையும் சேர்த்து வாசிக்கவும். தொட்டில் கட்டித் தூக்குவதில் இருந்து மூன்றாம் நாள் வரைக்கும் ஒரே இருப்பில் வாசிப்பது நல்லது. தாய் கரையில் இருக்கிற இடம் வந்ததும் வாசிப்பைச் சற்று நிறுத்தி, அமைதியாக இருந்துவிட்டுத் தொடருங்கள். கேட்க வந்தவர்களில் யாராவது பேச விரும்பினால் பேசட்டும். இடையில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். பிறகு மிச்சத்தையும் வாசித்து, எல்லோருக்கும் நாமம் இட்டு, இனிமம் கொடுத்து அனுப்பவும்.